பாசி தின்னும் மீனும் பாசி பிடிக்கும் கவ்வியும்

கற்றல் நோக்கங்கள்

• பாசி உண்ணும் மீன்களின் இயல்பை அறிதல்
• உலர்ந்த கடற்பாசியை மீன்தொட்டியில் இடும் முறையைப் படிப்படியாக விளக்குதல்
• தூய்மைக்கும் உயிர்களின் நலத்திற்கும் உள்ள தொடர்பைக் காரணத்துடன் உணர்தல்
• கடற்பாசியோடு தொடர்புடைய தமிழ்ச் சொற்களைப் பயன்படுத்துதல்

மேயும் மீன்கள்

மீன்கள் யாவும் ஒன்றையொன்று விழுங்கி வாழ்வன என்று பலர் எண்ணுவர். பெரிய மீன் சிறிய மீனைத் தின்னும் என்னும் உலக வழக்கு அவ்வெண்ணத்தை வளர்த்துவிட்டது. ஆயினும், புல் மேயும் ஆட்டையும் மாட்டையும் போலப் பாசி மேயும் மீன்களும் நீரில் உண்டு.

கொச்சித் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் செல்லும் இலட்சத்தீவுகளைச் சுற்றிப் பவளத்திட்டுகள் அமைந்துள்ளன. அங்கே சர்ஜன் மீன்கள் கூட்டங்கூட்டமாகப் பாறைகளின்மேல் படர்ந்த பாசியைக் கொறித்துத் திரிகின்றன. இவற்றின் வாலடியில் அறுவை மருத்துவரின் கத்தி போன்ற கூரிய முள் இருப்பதால் இப்பெயர் வந்தது. தமிழகக் கடற்கரையில் ஓரா என வழங்கும் மீனும் பாசியை விரும்பி உண்ணும். கிளியின் அலகு போன்ற வாயுடைய கிளிமீன் பாறையைச் சுரண்டிப் பாசியை உண்ணும்.

கடல் மட்டுமன்று, நம் அருகிலுள்ள காயலிலும் இத்தகைய மீன் உண்டு. வேம்பநாட்டுக் காயலில் வாழும் கரிமீனை நீங்கள் நன்கு அறிவீர்கள். கேரள அரசு 2010ஆம் ஆண்டில் இதனை மாநில மீனாக அறிவித்தது. வளர்ந்த கரிமீனின் உணவில் இழைப்பாசிக்கும் நீர்த்தாவரங்களுக்கும் பெரும் பங்கு உண்டு. இதனை அழகுக்காகத் தொட்டியில் வளர்ப்போரும் உளர்.

பாசி உண்ணும் மீன்களுக்குப் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. அவை ஒரே வேளையில் வயிறு நிறைய உண்டு, பின் நெடுநேரம் உண்ணாமல் இருப்பன அல்ல. பாசியிலுள்ள சத்து மெல்லச் செரிப்பது. ஆகவே இம்மீன்களின் குடல் நீண்டிருக்கும். அவை பகல் முழுதும் சிறிது சிறிதாகக் கொறித்துக்கொண்டே இருக்கும்.

இவ்வியல்பே வீட்டில் மீன் வளர்ப்போருக்குச் சிக்கலைத் தருகிறது. கண்ணாடித் தொட்டியில் தானாக வளரும் பாசி ஒரு மீனுக்குச் சில நாள்கள்கூடப் போதாது. கடையில் விற்கும் உருண்டைத் தீனியை மட்டும் இட்டால் பாசியுண்ணி மீனின் நிறம் மங்கும், வலிமையும் குறையும். இக்குறையைப் போக்கவே உலர்ந்த கடற்பாசி உணவாக இடப்படுகிறது.

பாசி என்பது யாது?

தமிழில் பாசி என்றும், மலையாளத்தில் பாயல் என்றும் வழங்கும் சொற்களை ஒப்பிட்டுப் பாருங்கள். பசுமை என்னும் பொருள் தமிழ்ச் சொல்லில் விளங்குகிறது. பாசிப்பயறு என்னும் பெயரிலும் அப்பசுமையே நிற்கிறது. ஆனால் கடற்பாசிகள் எல்லாம் பச்சை நிறத்தன அல்ல. பச்சைப்பாசி, பழுப்புப்பாசி, செம்பாசி என அவை மூவகைப்படும்.

கடற்பாசிக்கு நிலத்துச் செடியைப் போல நீரும் உரமும் உறிஞ்சும் வேர் இல்லை. அடியில் இருக்கும் பற்றுறுப்பு பாறையைப் பற்றிக்கொள்வதற்கு மட்டுமே பயன்படுகிறது. தன்னைச் சூழ்ந்த நீரிலிருந்து உடல் முழுவதாலும் அது சத்தை ஏற்கிறது. நீரில் நஞ்சு கலந்திருந்தால் அதனையும் அவ்வாறே ஏற்றுக்கொள்ளும். ஆதலால் துறைமுகப் படித்துறைகளிலும் படகு கட்டும் கற்களிலும் படர்ந்திருக்கும் பாசியைச் சுரண்டி எடுத்து மீனுக்கு இடுதல் கூடாது. எண்ணெய்க் கசிவும் கழிவுநீரும் கலந்த இடத்துப் பாசி, பார்வைக்குப் பசுமையாக இருப்பினும் உணவாகத் தகாதது.

மீன் வளர்ப்போர் பெரிதும் பயன்படுத்துவது நோரி எனப்படும் செம்பாசித் தாள் ஆகும். ஜப்பானியர் இப்பாசியை அரிந்து, நீரில் கலக்கி, சட்டங்களில் பரப்பித் தாள் செய்வது போலவே உலர்த்துகின்றனர். ஒரு தாள் ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் அகலமும் 21 சென்டிமீட்டர் நீளமும் உடையது. செம்பாசியாயினும் வாட்டும்போது இது கரும்பச்சை நிறம் பெறும்.

இந்நோரிக்குப் பின்னால் ஓர் அறிவியல் வரலாறு உண்டு. முற்காலத்தில் இப்பாசியின் வித்து எங்கிருந்து வருகிறது என்பதை எவரும் அறிந்திலர். கடலில் மூங்கில்களை நட்டு, பாசி வந்து பற்றுமா என்று உழவர்கள் காத்திருந்தனர். இரண்டாம் உலகப்போருக்குப் பின் விளைச்சல் பெரிதும் சரிந்தது. அந்நிலையில், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கேத்லீன் டுரூ பேக்கர் என்னும் ஆங்கிலேய அறிஞர், இப்பாசி தன் வாழ்வின் ஒரு பகுதியைக் கிளிஞ்சல் ஓட்டுக்குள் மிக நுண்ணிய இழையாகக் கழிக்கிறது என்று 1949ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன்பின் ஜப்பானியர் ஓடுகளிலேயே வித்தை வளர்த்தெடுக்கும் முறையைக் கண்டனர். ஜப்பானுக்கு ஒருமுறையும் சென்றிராத அவருக்கு, 1963ஆம் ஆண்டில் அந்நாட்டின் உட்டோ நகரில் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. அந்நாட்டு மக்கள் அவரைக் கடலின் தாய் என்று போற்றுகின்றனர்.

நம் கரையின் பாசி

கடற்பாசி ஜப்பானுக்கு மட்டும் உரியது அன்று. இராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம், பாம்பன், இராமேசுவரம் பகுதிகளில் பெண்கள் பல தலைமுறைகளாகக் கடலில் மூழ்கிப் பாசி எடுத்து வருகின்றனர். கண்களுக்குக் கண்ணாடி அணிந்து, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கிப் பாறைகளில் படர்ந்த பாசியைப் பறிப்பர். கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து, கட்டக்கோரை என அவர்கள் பாசிகளுக்கு இட்டு வழங்கும் பெயர்கள் தமிழுக்குக் கிடைத்த செல்வம் ஆகும்.

மரிக்கொழுந்திலிருந்தும் கஞ்சிப்பாசியிலிருந்தும் அகர் என்னும் கூழ்ப்பொருள் எடுக்கப்படுகிறது. நோன்பு திறக்கும் வேளையில் பல தமிழ் இல்லங்களில் பாலும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யப்படும் கடற்பாசி இனிப்பு இப்பொருளால் ஆனதே. கட்டக்கோரையிலிருந்து எடுக்கப்படும் அல்ஜின் என்னும் பொருள் துணிக்கு அச்சிடுவதற்கும் உணவுப் பொருள்களைக் கெட்டியாக்குவதற்கும் உதவுகிறது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அதன்பின் பாசி எடுப்போரின் வாழ்க்கை கடினமாயிற்று. கடலைக் காத்தல் வேண்டும். உழைப்போரின் வயிறும் நிறைதல் வேண்டும். இவ்விரண்டையும் எண்ணிய அப்பெண்கள், பாசி மீண்டும் தழைப்பதற்கு இடைவெளி விட்டு எடுக்கும் கட்டுப்பாடுகளைத் தாமே ஏற்றனர். அவர்களுக்காகக் குரல் கொடுத்த சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015ஆம் ஆண்டில் சீகாலஜி விருது என்னும் பன்னாட்டு விருது வழங்கப்பட்டது. நம் தொட்டியில் மிதக்கும் ஒரு துண்டுப் பாசியை வீணாக்கும்போது, இத்தகைய உழைப்பாளர் ஒருவரின் மூச்சையும் வீணாக்குகிறோம் என்பதை நினைவில் கொள்ளுதல் நலம்.

மண்டபத்திற்கும் கொச்சிக்கும் மற்றொரு தொடர்பும் உண்டு. 1947ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பல்லாண்டுகள் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. 1971ஆம் ஆண்டில் அதன் தலைமையகம் கொச்சிக்கு மாறியது. மண்டபத்தில் அதன் மண்டல மையம் இன்றும் இயங்குகிறது. தமிழகக் கரையிலிருந்து கொச்சிக்குக் குடிபெயர்ந்தவை உங்கள் குடும்பங்கள் மட்டுமல்ல. அறிவியல் நிறுவனம் ஒன்றும் அவ்வாறே வந்து இங்கு வேரூன்றியுள்ளது.

எம்மீனுக்கு, எவ்வளவு?

பாசித் தாளை எல்லா மீன்களுக்கும் இடுதல் வேண்டா. சர்ஜன் மீன், ஓரா, கரிமீன் ஆகியவற்றுக்கு அது முதன்மை உணவு. கோமாளி மீன் பலவகை உணவும் ஏற்பது. அதற்குப் பாசி துணையுணவு மட்டுமே. நன்னீரில் வாழும் தங்கமீனும் சிறிதளவு உண்ணும். சண்டை மீனும் சிங்க மீனும் புலால் உண்பன. அவற்றுக்குப் பாசியால் பயனில்லை.

தாளை வாங்கும்போது அதன் உறையைக் கருத்தூன்றிப் படித்தல் வேண்டும். மக்கள் தின்பண்டமாக விற்கப்படும் நோரியில் உப்பு, எண்ணெய், மிளகாய், சோயாச் சாறு முதலியவை சேர்க்கப்பட்டிருக்கலாம். அவை நம் நாவுக்குச் சுவை, மீனுக்குத் தீங்கு. எண்ணெய் நீர்ப்பரப்பில் படலமாகப் படர்ந்து, காற்று நீரில் கரைவதைத் தடுக்கும். ஆகவே வேறு எதுவும் சேர்க்கப்படாத தாளையே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

அளவைப் பொறுத்தவரையில், விரல் நீளமுள்ள இரண்டு மீன்களுக்குத் தீப்பெட்டியின் மேற்பரப்பு அளவுள்ள துண்டு தொடக்கத்திற்குப் போதும். சில மணி நேரத்தில் முழுதும் தீர்ந்தால் மறுநாள் சற்றுக் கூட்டலாம். மிஞ்சினால் குறைத்தல் வேண்டும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழி மீன்தொட்டிக்கு மிகவும் பொருந்தும். தொட்டி மீன்கள் பசியால் துன்புறுவதைக் காட்டிலும், வளர்ப்போரின் அளவு கடந்த அன்பால் துன்புறுவதே மிகுதி.

கவ்வியின் பணி

பாசித் துண்டை நீரில் அப்படியே விட்டால் அது ஊறி, கிழிந்து, வடிகட்டியின் வாயில் சென்று அடைத்துக்கொள்ளும். கடலில் மீன் கொறிக்கும் பாசியோ பாறையில் உறுதியாகப் பற்றியிருக்கும். அப்பாறையின் பணியைத் தொட்டியில் செய்வது கவ்வி ஆகும். பேச்சு வழக்கில் இதனைக் கிளிப்பு என்பர்.

கவ்விகள் இருவகைப்படும். ஒன்று, ரப்பர்க் கிண்ணத்தால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வது. கிண்ணத்தை அழுத்தும்போது உள்ளிருக்கும் நீரும் காற்றும் வெளியேறுகின்றன. வெளியிலிருக்கும் அழுத்தம் அதனைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடிக்கிறது. மற்றொன்று, கண்ணாடியின் இருபுறமும் காந்தம் வைத்துப் பிடிப்பது. காந்தத்தைச் சூழ்ந்த பிளாஸ்டிக் உறையில் விரிசல் கண்டால் உடனே அதனை நீக்குதல் வேண்டும். உப்புநீர் உட்புகுந்தால் காந்தம் துருப்பிடித்து நீரைக் கெடுக்கும்.

துணி உலர்த்தும் கவ்வியை இப்பணிக்குப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்பர். அதன் சுருள்வில் இரும்பாலானது. நீரில் விரைவில் துருப்பிடிக்கும். ஆகையால் அது தகாது. கவ்வி கிடைக்காதபோது வேறு வழி உண்டு. கொச்சிக் கோட்டைப் பகுதியிலுள்ள தோபி கானாவில், பல தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பத்தார் துணி வெளுக்கின்றனர். அவர்கள் துணியை உலர்த்தக் கவ்விகளைப் பயன்படுத்துவதில்லை. இரு கயிறுகளை முறுக்கிக் கட்டி, அம்முறுக்கின் இடையில் துணியின் நுனியைச் செருகிவிடுவர். காற்று வீசினும் துணி விழாது. அதுபோலவே, சாயமற்ற பருத்தி நூலால் பாசித் துண்டைக் கழுவிய சிறு கல்லில் கட்டித் தொட்டியின் அடியில் வைக்கலாம். புதிதாக வந்து அஞ்சி ஒதுங்கும் மீனுக்கு இம்முறை மிகவும் ஏற்றது. பாறையில் மேய்வது அதற்குப் பழகிய செயல் அன்றோ?

உணவிடும் முறை

1. பெரியவர் ஒருவரின் துணையுடன் தொடங்குக. தொட்டிக்குள் கையை விடுமுன் நீரேற்றி, வெப்பமூட்டி ஆகியவற்றின் மின் இணைப்பை நிறுத்துக.

2. கைகளைத் தூய நீரில் கழுவுக. சோப்பின் எச்சம் விரல்களில் இருத்தல் கூடாது. கையில் புண் இருப்பின் அன்று மற்றொருவர் இப்பணியைச் செய்யட்டும்.

3. உலர்ந்த கையால் பாசித் துண்டை வெட்டி, இரண்டாகவோ நான்காகவோ மடித்திடுக. மடித்த தாள் மெல்ல ஊறும், எளிதில் கிழியாது.

4. மடித்த விளிம்பு கவ்வியின் பற்களுக்கு இடையில் இருக்குமாறு பிடிக்கச் செய்க.

5. கவ்வியைத் தொட்டியின் நடு உயரத்தில், வடிகட்டியின் வாய்க்குத் தொலைவில், மெல்லிய நீரோட்டம் உள்ள இடத்தில் பொருத்துக. தாள் அசைவது மீனை ஈர்க்கும்.

6. ஒரு மீன் மற்றவற்றைத் துரத்தினால், தொட்டியின் இரு முனைகளிலும் இரு கவ்விகளை வைத்திடுக. ஒரே மீன் ஒரே நேரத்தில் இரண்டையும் காவல் காக்க இயலாது.

7. மாலைக்குள் எஞ்சிய பாசியையும் கவ்வியையும் வெளியே எடுத்துவிடுக. பணி முடிந்தபின் கைகளைச் சோப்பிட்டு நன்கு கழுவுக.

எஞ்சிய பாசி செய்யும் தீங்கு

ஏழாம் படியைப் பலரும் மறந்துவிடுகின்றனர். தொட்டியில் நேரும் இழப்புகள் பலவற்றுக்கு அம்மறதியே வித்தாகிறது. அதன் காரணத்தை அறிதல் வேண்டும்.

உலர்ந்த நோரியின் எடையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் புரதம் உண்டு. தின்னப்படாத பாசி நீரில் அழுகும்போது நுண்ணுயிர்கள் அப்புரதத்தைச் சிதைக்கின்றன. அதிலிருந்து அமோனியா தோன்றுகிறது. அது மீனின் செவுள்களைப் புண்படுத்தும். தொட்டியிலுள்ள வேறு நுண்ணுயிர்கள் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இதுவும் நஞ்சே, குருதி உயிர்வளியை ஏந்திச் செல்லும் ஆற்றலை இது குறைக்கும். இறுதியில் நைட்ரைட்டு, தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாறும். ஆயினும் நைட்ரேட்டு மிகுந்தால் கண்ணாடியிலும் கல்லிலும் வேண்டாத பாசி அடர்ந்து படரும்.

அழுகச் செய்யும் நுண்ணுயிர்களும் நம்மைப் போலவே உயிர்வளியைப் பயன்படுத்துகின்றன. கொச்சியின் வெப்பத்தில் இவ்வழுகல் விரைந்து நிகழும். அதே நேரத்தில், வெதுவெதுப்பான நீரில் கரையும் உயிர்வளியின் அளவு குளிர்ந்த நீரில் கரைவதைவிடக் குறைவு. ஆகவே வெப்பமான ஊரில் தேவை கூடுகிறது, இருப்போ குறைகிறது. இரவில் மீன்கள் நீர்ப்பரப்பிற்கு வந்து வாயைத் திறந்து மூடுமாயின், அவை மூச்சுத் திணறுகின்றன என்று உணர்க. மீனால் வாய்விட்டுக் கூற இயலாது. அதன் அசைவே அதன் மொழி. அம்மொழியைப் படிக்கக் கற்றவரே மீன் வளர்க்கத் தக்கவர்.

கவ்வியைத் தூய்மை செய்தல்

பாசியை எடுத்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. கவ்வியின் பற்களிலும் கீலிலும் நுண்ணிய பாசித் துணுக்குகள் தங்கிவிடும். அவற்றின்மேல் நுண்ணுயிர்கள் குடியேறி வழவழப்பான படலத்தை உண்டாக்கும். விரலால் தொட்டால் வழுக்கும் அப்படலத்தை நீங்கள் குளத்துப் படிகளிலும் உணர்ந்திருக்கலாம். அதன்மீது புதிய தாளை வைத்தால், புதிய உணவும் விரைவில் கெடும். மேலும் படலம் படிந்த ரப்பர்க் கிண்ணம் கண்ணாடியில் ஒட்டாமல் நழுவும்.

நாள்தோறும்: கவ்வியை வெளியே எடுத்ததும், பாசி காய்ந்து ஒட்டிக்கொள்வதற்கு முன்பே தூய நீரில் அலசுக. பழைய பற்குச்சி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, பற்களையும் கீலையும் தேய்த்திடுக. பின் நிழலில் காற்றாட உலர்த்துக. ஈரமின்றி முற்றிலும் உலர்ந்த பரப்பில் படலத்தை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகுவதில்லை.

வாரம் ஒருமுறை: ஒரு பங்கு வினிகருடன் ஒரு பங்கு நீர் கலந்து, அதில் கவ்வியை அரை மணி நேரம் ஊறவிடுக. உப்புநீர்த் தொட்டியில் பயன்படும் கவ்வியின்மேல் வெண்மையான சுண்ணப் படிவு தோன்றும். வினிகரின் புளிப்பு அதனைச் சிறு குமிழிகளாக நுரைக்கச் செய்து கரைத்துவிடும். பின் தூய நீரில் இருமுறை நன்கு அலசுக.

மாதம் ஒருமுறை: ரப்பர்க் கிண்ணத்தை வளைத்துப் பார்த்திடுக. இறுகியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் சற்றே ஊறவைத்திடுக, வெடித்திருந்தால் மாற்றிவிடுக. அது ஒட்டும் கண்ணாடிப் பகுதியையும் துடைத்திடுக.

சோப்பும் பாத்திரம் துலக்கும் நீர்மமும் எக்காலத்தும் கூடா. மீனின் உடலைச் சூழ்ந்துள்ள வழவழப்பான போர்வை அதற்குக் கவசம் போன்றது. சோப்பு அக்கவசத்தைக் கரைத்துவிடும், செவுள்களையும் ஊறுபடுத்தும். சமையலறையில் பயன்படும் நாரிலும் சோப்பு தங்கியிருக்குமாதலால் அதனையும் தவிர்த்தல் வேண்டும்.

இரண்டு கவ்விகளை வைத்துக்கொள்வது எளிய வழி. ஒன்று நீரில் பணி செய்யும்போது மற்றொன்று வெளியில் உலர்ந்துகொண்டிருக்கும்.

மழைக்காலக் காவல்

மட்டாஞ்சேரியின் பழைய பண்டகசாலைகளின் வழியே நடந்தால் மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும். தென்மேற்குப் பருவமழை பெய்யும் சூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில், அப்பொருள்களை ஈரம் அணுகாமல் காப்பதே வணிகருக்குப் பெருங்கவலை. ஈரம் புகுந்த சரக்கில் பூஞ்சை பிடிக்கும். உலர்ந்த கடற்பாசிக்கும் இதே விதிதான். அது காற்றிலுள்ள ஈரத்தை விரைந்து ஏற்கும். மொறுமொறுப்பாக ஒடிந்த தாள் துவண்டு மடங்குமாயின் ஈரம் புகுந்துவிட்டது என்று அறியலாம்.

ஆகவே தாள்களைக் காற்றுப் புகாத சாடியில் இட்டு இறுக மூடி வைத்தல் வேண்டும். ஒரு வாரத்திற்குத் தேவையான துண்டுகளை மட்டும் வெட்டிச் சிறிய சாடியில் தனியே வைத்துக்கொண்டால், பெரிய சாடியை நாள்தோறும் திறக்க வேண்டியதில்லை. ஈரக் கையால் தாளைத் தொடுதல் கூடாது. பூஞ்சை மணம் வீசினாலோ வெண்புள்ளி தோன்றினாலோ அத்தாளை எறிந்துவிடுதலே அறம். விலை கொடுத்து வாங்கியது என்பதற்காகக் கெட்ட உணவை வாயில்லா உயிருக்கு இடலாகாது.

சிறு பொருள், பெரும் பொறுப்பு

கடலில் வாழும் மீன் தன் உணவைத் தானே தேடிக்கொள்ளும். கெட்ட நீரை விட்டு நல்ல நீருக்கு நீந்திச் செல்லும். நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் அதனைக் கொண்டுவந்து வைத்த நாளிலேயே அவ்விரு உரிமைகளையும் நாம் எடுத்துக்கொண்டோம். அவற்றுக்கு ஈடாக, நல்ல உணவையும் நல்ல நீரையும் நாள்தோறும் தருவது நம் கடன் ஆகும். அழகிய தொட்டியை விலைக்கு வாங்கிவிடலாம். மாலைதோறும் ஒரு சிறு கவ்வியை எடுத்து அலசி உலர்த்தும் பழக்கத்தை எக்கடையிலும் வாங்க இயலாது. அதனை நாமே வளர்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

சொல்லும் பொருளும்

காயல் – கடலை ஒட்டிய உப்பங்கழி
பற்றுறுப்பு – பாசி பாறையைப் பிடித்துக்கொள்ள உதவும் அடிப்பகுதி
கவ்வி – இறுகப் பற்றும் கருவி
கீல் – இரு பகுதிகளை இணைத்துத் திறந்து மூட உதவும் மூட்டு
உயிர்வளி – மூச்சுக்கு இன்றியமையாத காற்று, ஆக்சிஜன்
செவுள் – மீனின் மூச்சு உறுப்பு
பண்டகசாலை – சரக்கு வைக்கும் கிடங்கு

மொழியை அறிவோம்

கடல் + பாசி = கடற்பாசி. நிலைமொழியின் இறுதியில் நின்ற 'ல்' என்னும் எழுத்து, வருமொழி முதலில் வல்லினம் வந்தமையால் 'ற்' எனத் திரிந்தது. கடல் + கரை = கடற்கரை, பால் + குடம் = பாற்குடம் என்பனவும் அவ்வாறே அமைந்தவை. பின்வருவனவற்றைச் சேர்த்து எழுதுக.

அ) கல் + சிலை
ஆ) கடல் + பயணம்
இ) நெல் + கதிர்

மதிப்பீடு

குறுவினா

1. கடற்பாசியின் மூவகைகள் யாவை?
2. துணி உலர்த்தும் கவ்வியை மீன்தொட்டியில் பயன்படுத்தக் கூடாது. ஏன்?
3. மண்டபத்திற்கும் கொச்சிக்கும் உள்ள தொடர்பினை எழுதுக.

சிறுவினா

1. எஞ்சிய பாசி நீரில் அழுகும்போது நிகழும் மாற்றங்களை வரிசைப்படுத்தி எழுதுக.
2. கடலைக் காத்தல், உழைப்போரைக் காத்தல் ஆகிய இரண்டும் மன்னார் வளைகுடாப் பெண்களின் வாழ்வில் எவ்வாறு இணைந்தன?

நெடுவினா

மழைக்காலத்தில் உங்கள் வீட்டில் ஈரம் படாமல் காக்கப்படும் உணவுப்பொருள் ஒன்றினைத் தேர்ந்தெடுத்து, அதனைக் காக்கும் முறையைப் படிப்படியாக விளக்குக.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பாட்டி அல்லது தாத்தாவிடம் கேட்டு, அவர்கள் ஊரில் வழங்கும் மீன் பெயர்கள் ஐந்தினைத் தொகுத்திடுக. அவற்றுக்கு இணையான மலையாளப் பெயர்களை உங்கள் நண்பரிடம் கேட்டு அருகில் எழுதுக.
2. மீன்தொட்டி ஒன்றினை அரை மணி நேரம் அமைதியாக உற்று நோக்கி, மீன்கள் செய்த செயல்களைப் பத்துத் தொடர்களில் எழுதுக.